கோடையில் கச்சிதம், மழையில் மூடாது! - பழவேற்காட்டு அலமாரிக் கதவுகள் சொல்லும் 3 மில்லிமீட்டர் பாடம்

நவம்பர் மாதம். மூன்று நாள்களாக விட்டு விட்டு மழை. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்து வீடு. பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று மகளின் சாதிச் சான்றிதழை எடுக்க அலமாரியைத் திறக்கப் போகிறார் அம்மா. கதவு வரவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து இழுக்கிறார். 'படக்' என்று திறந்துகொள்கிறது. சான்றிதழை எடுத்தாகிவிட்டது. இப்போது கதவு மூட மாட்டேன் என்கிறது.

இந்த மே மாதம்தான் செய்த கதவு அது. நல்ல தேக்கு. 'நடுவுல ஒரு தாள்கூட நுழையாது பாருங்க' என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிய கதவு. ஆறே மாதத்தில் இப்படி ஆனால் கோபம் வராதா? 'மரம் பச்சை மரம்', 'ஆசாரி ஏமாத்திட்டாரு' என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. மறுநாள் ஆசாரிக்கு போன் போகிறது.

ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் கடல் என்று வாழும் எந்தக் குப்பத்திலும் மழைக்காலத்தில் நடக்கக்கூடிய காட்சிதான் இது. பல நேரம் மரத்திலும் குறை இருக்காது, ஆசாரியும் ஏமாற்றியிருக்க மாட்டார். எல்லோரும் மெச்சிய அந்த 'தாள் நுழையாத' கச்சிதத்தில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

தண்ணீருக்கு நடுவே ஓர் ஊர்

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரியைத் தாண்டிப் போனால் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், கோரைக்குப்பம் என்று கரையோரம் மீனவக் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன.

இங்கே காற்று என்றால் வெறும் காற்று கிடையாது. அதில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். துவைத்துப் போட்ட துணி காய்ந்தது போலவே இருக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். அந்தக் காற்றில்தான் வீட்டு அலமாரியும் வருடம் முழுக்க நிற்க வேண்டும்.

அந்த அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், வங்கி பாஸ்புக், வீட்டுப் பத்திரம், மருந்து மாத்திரை, கொஞ்சம் நகை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, உயிர் தப்பியவர்களிலும் எத்தனையோ பேர் இதையெல்லாம் தண்ணீரோடு விட்டுவிட்டு ஓடியவர்கள்தான். கடலோரத்து வீட்டில் அலமாரி என்பது அழகுப் பொருள் மட்டும் கிடையாது. அவசரத்துக்குச் சட்டென்று திறக்க வேண்டும்; மற்ற நேரம் எலியும் கரப்பானும் சாரலும் புகாமல் மூடியிருக்க வேண்டும். கதவு ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பது அந்த வீட்டுக்கு முக்கியமான விஷயம்.

மரம் ஈரம் குடிக்கும்

மரத்தை வெட்டி, அறுத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் வெளியே விட்டுக்கொண்டும்தான் இருக்கும். ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மரமாக இருந்தாலும் இந்தக் குணம் மாறாது. தேக்கில் இது குறைவு. அதனால்தான் கதவுக்கும் கப்பலுக்கும் தேக்கு என்றார்கள். ஆனால், தேக்கிலும் இது அடியோடு இல்லாமல் போய்விடாது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும்போது, மரத்துக்குள் ஏறக்குறைய 10 முதல் 11 சதவீதம் ஈரம் தங்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமானால், மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்தைத் தொடும். அதாவது 5 சதவீத வித்தியாசம். ஒன்றரை அடி, அதாவது 450 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகைக் கதவு, இந்த 5 சதவீதத்துக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் வரை அகலமாகும்.

4 மில்லிமீட்டர் என்றால் கேட்க சின்ன அளவுதான். ஆனால், தாள் நுழையாத இடைவெளி என்றால் அது கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. கதவு இறுகிக்கொள்வதில் என்ன ஆச்சர்யம்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரம் அகலவாக்கில்தான் உப்பும். நார் ஓடும் நீளவாக்கில் அது மாறுவது மிக மிகக் குறைவு. அதனால், நார் மேலும் கீழுமாக ஓடும் கதவு, உயரத்தில் அப்படியே இருக்கும். அகலத்தில் மட்டும் வளர்ந்து பக்கவாட்டில் முட்டும். உங்கள் வீட்டு மரக்கதவு மழைக்காலத்தில் எங்கே உரசுகிறது என்று கவனித்துப் பாருங்கள், புரியும். மேலேயோ கீழேயோ உரசினால், பெரும்பாலும் கீல் தளர்ந்து கதவு இறங்கியிருக்கும். அது வேறு வைத்தியம்.

இழைத்துவிட்டால் தீருமா?

'ஓரத்துல கொஞ்சம் இழைச்சு விடுங்கண்ணே' என்பதுதான் எல்லோரும் கேட்பது. இழைப்புளியை எடுத்து நாலு இழுப்பு இழுத்தால் கதவு உடனே மூடும். ஆசாரிக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி.

ஆனால், மழைக்காலத்தில் மரம் முழுக்க உப்பியிருக்கும்போது 4 மில்லிமீட்டர் இழைத்துவிட்டால், அடுத்த மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் அந்தக் கதவு சுருங்கி, விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை விழும். அதன் வழியே பல்லி, கரப்பான் எல்லாம் உள்ளே குடிபோகும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அப்புறம் ஓரத்தில் ரீப்பர் அடிப்பது, இல்லையென்றால் புதுக் கதவு. இரண்டுக்கும் செலவு வீட்டுக்காரருடையது; கெட்ட பெயர் ஆசாரியுடையது.

அவசரம் என்றால், உரசுகிற இடத்தில் மட்டும் மிகக் குறைவாக இழைத்து, இழைத்த ஓரத்துக்கு உடனே வார்னிஷோ பெயின்ட்டோ அடித்துவிட வேண்டும். முடிந்தால் தை பிறக்கும் வரை பொறுத்திருந்து, மரத்தின் ஈரம் இறங்கிய பிறகு எவ்வளவு இழைப்பது என்று முடிவு செய்வது நல்லது.

கதவு செய்தது எந்த மாதம்?

எந்த அளவு சரி என்பது கதவு எந்த மாதம் பொருத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மே மாதம் பொருத்தினால், மரம் அந்த வருடத்தின் மிகக் குறைந்த அகலத்தில் இருக்கிறது. இனி அது வளரத்தான் போகிறது. எனவே, தாராளமாக இடைவெளி விட வேண்டும். நவம்பரில் பொருத்தினால், மரம் ஏற்கெனவே உப்பி நிற்கிறது. இனி அது சுருங்கத்தான் போகிறது. எனவே, நெருக்கமாகவே பொருத்தலாம். ஒரே மரம், ஒரே அலமாரி, ஒரே ஆசாரி. ஆனால், விட வேண்டிய இடைவெளி மட்டும் வேறு.

வீட்டுக்காரர் கதவைப் பார்ப்பது இன்று. ஆசாரி ஆறு மாதம் கழித்து அந்தக் கதவு எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டும். கோடையில் பொருத்திய கதவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால், 'என்னண்ணே, இவ்வளவு சந்து விட்டுட்டீங்க?' என்று முகம் சுளிப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து கதவை நெருக்கிப் பொருத்தினால், மழைக்கு மாட்டிக்கொள்ளும். போன் பார்த்து 'இதே மாதிரி வேணும்' என்று கேட்கும் காலத்தில் இந்தச் சங்கடம் கூடியிருக்கிறது. ஏசி அறையில் ப்ளைவுட்டில் செய்து எடுத்த படத்தை, ஏரிக்கரை வீட்டில் மரப்பலகையில் கேட்டால் என்ன செய்வது?

இங்கே துல்லியமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. துல்லியம் வேறு ஓர் இடத்தில் வேண்டும். நம் கண் இடைவெளியைக் குறையாகப் பார்ப்பதில்லை. ஒழுங்கில்லாத இடைவெளியைத்தான் குறையாகப் பார்க்கும். மேலே 1 மில்லிமீட்டர், கீழே 2 மில்லிமீட்டர் என்று இருந்தால் கதவு கோணலாகத் தெரியும். நாலு பக்கமும் சீராக 3 மில்லிமீட்டர் இருந்தால் அதுவே அழகான கோடாகத் தெரியும். எவ்வளவு விடுவது என்பது காற்று பற்றிய அறிவு. விட்டதைச் சீராக விடுவது கைத்திறமை. நல்ல ஆசாரிக்கு இரண்டும் வேண்டும்.

பழைய ஆசாரிகள் கண்ட வழி

மரத்தின் இந்தக் குணத்தோடு மல்லுக்கட்டாமல், அதற்கு இடம் கொடுத்தே வேலை செய்யும் வழியைத் தச்சர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் சட்டமும் பலகையும் சேர்ந்த கதவு. சுற்றிலும் நாலு சட்டம். சட்டத்தின் உள்பக்கம் காடி எடுத்து, அதற்குள் நடுப்பலகையைச் செருகிவிடுவார்கள். அந்தப் பலகைக்குப் பசை போட மாட்டார்கள், ஆணியும் அடிக்க மாட்டார்கள். மழையில் உப்பினால் பலகை காடிக்குள்ளேயே விரியும். வெயிலில் சுருங்கினால் காடிக்குள்ளேயே பின்வாங்கும். வெளியே எதுவும் தெரியாது.

கணக்கும் இதையே சொல்கிறது. பக்கத்துக்கு 60 மில்லிமீட்டர் அகலச் சட்டம் என்றால், இரண்டும் சேர்த்து 120 மில்லிமீட்டர். அது உப்புவது 1 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரே பலகையாகச் செய்திருந்தால் 4 மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும் கதவு, இப்போது 1 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது. விவரம் தெரியாமல் அந்த நடுப்பலகையைப் பசை போட்டு இறுக்கினால், ஒன்று பலகை பிளக்கும் அல்லது சட்டத்தின் மூட்டு விடும்.

கீல் வருவதற்கு முந்தைய கதவுகளிலும் இதே புத்தி உண்டு. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையிலுள்ள குழிக்குள் சுழலும். குழி குடுமியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் கதவு சுழலும்.

கடலிலும் இதைப் பார்க்கலாம். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் ஓடிய மசூலா படகுகளில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை வந்து மோதும்போது படகு விறைத்து நிற்காமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இறுக்கி ஆணி அடித்த படகாக இருந்தால் அந்த அலையில் மூட்டு விட்டுப் போயிருக்கும்.

பழவேற்காட்டுக்கும் மரவேலைக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். அந்த 17-ஆம் நூற்றாண்டில், இந்தக் கரையில் கருங்காலி மரத்தில் செதுக்கிய நாற்காலிகளும் மற்ற மரச்சாமான்களும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், அப்படிப்பட்ட நாற்காலிகளை இங்கிலாந்தின் ட்யூடர் மன்னர்கள் காலத்துச் சாமான் என்று நினைத்து வாங்கித் தன் மாளிகையில் போட்டார். நம் கரையின் வேலை, அவர் கண்ணுக்குத் தன் நாட்டு மன்னர் வீட்டு வேலையாகத் தெரிந்திருக்கிறது!

கோணல் சுவரில் நேர்க்கதவு

குப்பத்து வீடுகளில் இப்போது அதிகம் இருப்பது சுவருக்குள்ளேயே விட்ட கான்கிரீட் அலமாரி. கட்டும்போது கதவு இருக்காது. கையில் பணம் சேரும்போது கதவு போடுவார்கள். ஏரியில் வருமானம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. எந்த இடத்தில் யார் எப்போது வலை விடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் இங்கே பிரசித்தம். இறால் நன்றாகப் பட்ட நாள்களில் சேர்த்த பணம்தான் கதவாக மாறும். அந்தப் பணத்தில் செய்வதை இன்னொரு முறை செய்ய முடியாது.

கையால் பூசிய சுவர் எதுவும் நூல் பிடித்தது போல் இருக்காது. அகலத்தை ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் மூலைகள் நேர். வித்தியாசம் இருந்தால் திறப்பு கோணல்.

கோணல் என்றால், கதவைக் கோணலாக அறுப்பது வழியாகாது. முதலில் சுவருக்குள் ஒரு மரச்சட்டம். ரசமட்டமும் தூக்குக்குண்டும் வைத்து அதை நேராக நிறுத்தி, சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் ஆப்பு வைத்து இறுக்கி, மிச்சச் சந்தைப் பூசிவிட வேண்டும். சுவரின் கோணல் எல்லாம் அந்தப் பூச்சுக்குள் மறைந்துவிடும். நேரான சட்டத்துக்கு நேரான கதவு. இதற்கு அரை நாள் கூடுதலாக ஆகும். அந்த அரை நாள் கூலியை மிச்சம் பிடித்தால், கதவு ஆயுசுக்கும் இழுபறிதான்.

ப்ளைவுட் வந்த பிறகு

ப்ளைவுட்டில் மெல்லிய தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டுவதால், உப்புவதும் சுருங்குவதும் மிகவும் குறைவு. அதனால், 2 மில்லிமீட்டர் இடைவெளிகூடப் போதும். ஆனால், எந்தப் ப்ளைவுட் என்பதில் கவனம் வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட்டின் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. இது பசை விடாது என்பதற்கான உத்தரவாதமே தவிர, ஓரத்தை மூடாமல் விட்டால் இதுவும் தண்ணீர் குடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு விலை குறைவு. ஆனால், ஒரு முறை தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை போல் வீட்டுக்குள் தண்ணீர் ஏறக்கூடிய இடத்தில், கீழ்த்தட்டுக்கு இது ஆகாது.

மைக்கா ஒட்டும்போது முன்பக்கம் மட்டும் ஒட்டிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு பக்கம் ஈரம் குடிக்காது, மறு பக்கம் குடிக்கும். கதவு அப்பளம் போல் வளைந்துவிடும். மரக்கதவுக்கு வார்னிஷ் அடிப்பதிலும் இதே கதைதான். முன், பின், நாலு ஓரம் என ஆறு பக்கமும் அடிக்க வேண்டும். கண்ணில் படாத அடி ஓரத்தில்தான் ஈரம் முதலில் ஏறும்.

உள்ளே மறைந்திருக்கும் கிண்ணக் கீல்களுக்குக் கதவின் பின்பக்கம் 35 மில்லிமீட்டர் விட்டத்தில் குழி எடுப்பார்கள். அதில் உள்ள திருகுகளைத் திருப்பினால் கதவைப் பக்கவாட்டிலும், முன்னும் பின்னும், மேலும் கீழும் சில மில்லிமீட்டர் நகர்த்தலாம். மழைக்காலத்தில் இழைப்புளியைத் தொடுவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால், உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகு துருப்பிடித்தால் திருகவே முடியாது. அதனால் இங்கே கீலும் திருகும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருப்பது நல்லது. கடலை ஒட்டிய வீடு என்றால் 316 ரகம் இன்னும் தாங்கும்.

கதவு போடப் போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

* மரம் வாங்கி வந்த அன்றே அறுக்க வேண்டாம். பொருத்தப்போகும் வீட்டிலேயே சில வாரங்கள், காற்றுப்படும்படி கட்டை கொடுத்து அடுக்கி வைக்கச் சொல்லுங்கள்.

* அகலமான கதவு என்றால் ஒற்றைப் பலகை வேண்டாம். சட்டம், பலகை வைத்த கதவு அல்லது நல்ல ப்ளைவுட்.

* இடைவெளியைப் பார்க்க ஒரு ரூபாய் நாணயம் போதும். இப்போதைய நாணயம் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். கோடையில் பொருத்தும் சட்டக்கதவின் சந்தில் இரண்டு நாணயம் சேர்ந்து, மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி நகர்ந்தால் நல்ல வேலை.

* கூலி பேசும்போதே, முதல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை வந்து சரிபார்ப்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். அதற்கென்று கொஞ்சம் பணத்தை நிறுத்திவைத்துக் கொடுத்தால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் வராது.

* சான்றிதழ், பத்திரங்களை மேல்தட்டில், மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். எவ்வளவு நல்ல கதவும் காற்றிலுள்ள ஈரத்தை முழுதாகத் தடுக்காது.

வலைக்கண் தெரிந்த ஊர்

இந்தப் பாடம் பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புதிதில்லை. இங்கே பெண்கள் பனையோலையில் முடையும் மூடிபோட்ட பெட்டிகளைப் பார்த்தாலே தெரியும். மூடி, பெட்டியைவிட ஒரு நூல் பெரிதாக இருக்கும். சரியாக உட்காரவும் வேண்டும், விரலால் தூக்கினால் வரவும் வேண்டும். இறுக்கமாக முடைந்தால் திறக்கும்போது ஓலை கிழியும்.

மீன்பிடிக்கும் வீட்டுக்கு இதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் வலைக்கண். கண் சின்னதானால் குஞ்சு மீனெல்லாம் மாட்டி, நாளைய மீன் இன்றே போய்விடும். கண் பெரிதானால் வேண்டிய மீன் நழுவிவிடும். எந்த மீனுக்கு எவ்வளவு கண் என்று தெரிந்தவரைத்தான் ஊர் விவரமானவர் என்கிறது. வலையில் விட்ட அந்த இடைவெளியை யாரும் குறை என்று சொல்வதில்லை.

அடுத்த முறை ஆசாரி கோடையில் கதவைப் பொருத்திவிட்டு, 'இந்தச் சந்து இருக்கட்டும்க்கா, மழைக்கு வேணும்' என்று சொன்னால், அவரை நம்பலாம். ஐப்பசி மழையில், சான்றிதழ் எடுக்க அலமாரியைத் திறந்து, ஒரு விரலால் தள்ளிக் கதவை மூடும்போது, அந்த 3 மில்லிமீட்டரின் அருமை தெரியும்.